ஆச்சி மனோரமா: இணையத்தில் சுற்றுவது பாதி ஆச்சிதானா?

பழையரீல் எழுதியது:

மே 26 வந்தால் நடக்கிற கூத்து இந்த வருடமும் நடந்தது. மனோரமா ஆச்சியின் பிறந்தநாள். விடிந்ததிலிருந்து ஃபேஸ்புக், இன்ஸ்டா, குடும்ப வாட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் அதே துண்டுக் காட்சிகள். ‘சம்சாரம் அது மின்சாரம்’ கண்ணம்மா. ‘சின்னக் கவுண்டர்’ எடுப்புப் பல் அம்மா. ‘நடிகன்’ பேபியம்மா. அப்புறம் மறுபடியும் கண்ணம்மா.

அவர் இறந்தது 2015 அக்டோபர் 10-ல். அவரைத் தியேட்டரில் பார்த்தே இராத பிள்ளைகள்கூட அவர் குரலுக்கு வாயசைத்து ரீல்ஸ் போடுகிறார்கள். சந்தோஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் படம் ‘மாலையிட்ட மங்கை’ வந்தது 1958-ல். சுற்றிக்கொண்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் 1986-லிருந்து 96 வரைக்கும் வந்த படங்கள். அதற்கு முந்தைய 28 வருடம் எங்கே போயிற்று? ‘தில்லானா மோகனாம்பாள்’ ஒன்று மட்டும் தப்பி நிற்கிறது, அதுவும் பாதி சிவாஜி, பத்மினி புண்ணியத்தில்.

நாம் கொண்டாடுவது ஆச்சியையா, ஆச்சியின் பத்து வருடத்தையா? மக்கள் வந்து சொல்லுங்கள்.


கம்முனுகெட எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும்.

பழையரீல் சார், கண்ணம்மாவை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அந்தக் காட்சியை மறுபடி ஒரு தடவை காதால் மட்டும் கேளுங்கள். அந்த வீட்டுப் பெண்ணின் மாமனாராக வருகிற கிஷ்முவை நிற்க வைத்துக் கிழிக்கிறார். நடுவில் விசு கெஞ்சுகிற மாதிரி “கண்ணம்மா” என்று கூப்பிடுகிறார். பேச்சின் ஓட்டம் அறாமல், மூச்சு வாங்காமல், “கம்முனு கெட” என்று ஒரு வெட்டு. உடனே விட்ட இடத்திலிருந்து திட்டு தொடர்கிறது. மறுபடி “கண்ணம்மா”, மறுபடி வெட்டு. ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டு சொல்லும் வேறு வேறு எடையில் விழும். ஒன்று அதட்டல், ஒன்று அலட்சியம், ஒன்று “உனக்கு அப்புறம் இருக்கு” என்கிற மாதிரி.

இத்தனைக்கும் கதைப்படி அது பொய்ச் சண்டை. அந்த வீட்டுப் பெண் தன் மாமனாருக்குப் பரிந்து பேச வேண்டும் என்பதற்காக வேலைக்காரி போடுகிற நாடகம். நடிப்புக்குள்ளே ஒரு நடிப்பு. 30 விநாடி ரீல்ஸில் இதெல்லாம் போய்விடுகிறது என்பது வாஸ்தவம். ஆனால் அந்த 30 விநாடியும் சும்மா வந்ததில்லை.


டிவிபொட்டி எழுதியது:

காரணம் ரொம்ப சிம்பிள். சன் டிவி வந்தது 1993-ல். பின்னாடியே கே டிவி, சிரிப்பொலி, ஆதித்யா. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் எதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததோ அதைத்தான் பெரியவர்களானதும் மீம் போட்டன. கறுப்பு வெள்ளைப் படம் வருவது ஞாயிறு மதியமோ, நடுராத்திரியோ. அதை யார் பார்த்தார்கள், தாத்தா பார்த்தார். தாத்தா மீம் போடுவதில்லை.

ஆகவே இது ஆச்சிக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. நாகேஷுக்கும் இதே கதிதான். சந்திரபாபுவுக்கு அதைவிட மோசம்.


கடைசிவரிசை எழுதியது:

டிவிபொட்டி சொன்னது சரி, ஆனால் அது பாதிக் காரணம்தான். நான் நாடகப் பக்கம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீம் என்றால் ஆரம்பத்தில் என்ன? ஒரு படம், அதன் மேல் ஒரு வரி. அதற்குத் தேவை முகம். வடிவேலு அங்கே ராஜா. தோற்றுப்போன முகத்தில் அவரிடம் இல்லாத ரகமே கிடையாது. கவுண்டமணியும் ஓரளவு முகம். ஆனால் ஆச்சியின் சொத்து முகம் இல்லை, குரல். அதனால்தான் படமும் வரியுமாக இருந்த காலத்தில் அவர் இரண்டாம் வரிசையில் இருந்தார். 2015 வாக்கில் டப்ஸ்மாஷ் வந்தது, பின்னால் டிக்டாக், 2020-ல் அதைத் தடை செய்த பிறகு ரீல்ஸ். எல்லாம் ஒலியை எடுத்து வாயசைக்கிற சமாச்சாரம். ஆச்சி முன்னுக்கு வந்தது அப்போதுதான். இந்தப் புகழ் பழைய புகழின் மிச்சம் இல்லை. காதுக்கு வேலை கொடுக்கிற ஒரு கருவி வந்ததும் அவர் தானாகவே எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்றால் மேடையிலிருந்து. மன்னார்குடியில் பிறந்து, வறுமை துரத்த, காரைக்குடி பக்கம் பள்ளத்தூரில் வளர்ந்தவர். கோபிசாந்தா என்கிற சிறுமி நாடகத்தில் பாடப் போய் மனோரமா ஆனார். பிறகு நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழு. கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’ நாடகம்தான் அவரை ஊரறியச் செய்தது. மேடை நாடகம் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் புருவம் தெரியாது. கண் கலங்கியது தெரியாது. அவனுக்குப் போய்ச் சேர்வது தொண்டை மட்டும்தான். அழுகையோ, நக்கலோ, பயமோ, எல்லாம் தொண்டையில் இருக்க வேண்டும்.

சினிமாவுக்கு வந்த பிறகும் அவர் அந்தக் கடைசி வரிசைக்காரனை விடவில்லை. இன்றைக்கு ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில், பஸ் இரைச்சலில் கேட்டாலும் ஒரு எழுத்து சிதறாமல் விழுகிறதே, அது அங்கே கற்றதுதான்.


2கேகுட்டி எழுதியது:

கடைசிவரிசை அண்ணா 🔥🔥 நான் இதுவரை யோசிச்சதே இல்ல. எங்க குரூப்ல சண்டை வந்தா அந்த வாய்ஸ் கிளிப்பைத்தான் போடுவோம். முகம் யாருக்கும் தேவைப்பட்டதே இல்ல.


கறார் எழுதியது:

எல்லாரும் உருகுகிறீர்கள், ஒருவராவது எதிர்ப்பக்கம் பேச வேண்டாமா?

90-களில் வந்த கிராமத்துப் படங்களில் ஆச்சி செய்த அம்மா வேடங்களை வரிசையாகப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே அச்சு. மகனைக் கண்டதும் ஒப்பாரி, மருமகளைக் கண்டதும் ஒப்பாரி, பஞ்சாயத்தில் ஒப்பாரி. கடைசி வரிசைக்காக எடுத்த குரல் என்கிறீர்கள். குளோசப் ஷாட்டில் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் கடைசி வரிசைக்கே பேசினால் அது மிகை நடிப்புதானே? அதே காலத்தில் ஸ்ரீவித்யா அம்மாவாக நடித்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சொட்டுக் கண்ணீரில் முடித்துவிடுவார்.

ஆச்சி பெரிய நடிகை. சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாப் படமும் தங்கம் என்று சொல்வது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.


பழையரீல் எழுதியது:

கறார், பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம் படத்துக்கு மேல் நடித்தவர் என்று கின்னஸில் இடம் பிடித்தவர். ஆயிரத்தில் எத்தனை இயக்குநர்கள் யோசித்து எழுதியிருப்பார்கள்? “அம்மா, நீங்க வந்து அழுதுடுங்க, மத்ததைப் பின்னணி இசை பார்த்துக்கும்” என்கிற ரகம்தான் பெரும்பாலும். கொடுத்த சம்பளத்துக்கு அழுதுவிட்டு அடுத்த செட்டுக்குப் போனார்.

ஆனால் 1989-ல் வந்த பார்த்திபனின் ‘புதிய பாதை’யைப் பாருங்கள். அந்தப் படத்துக்குத்தான் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. எழுதிக் கொடுத்தால் செய்வார் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?


கோவைக்காரி எழுதியது:

வட்டார வழக்கைப் பற்றி யாரும் பேசவே இல்லையே, அதனால் உள்ளே வருகிறேன்.

‘சின்னக் கவுண்டர்’ எங்கள் ஊர்ப் பக்கக் கதை. சினிமாவில் கொங்குத் தமிழ் என்றால் வார்த்தைக்கு வார்த்தை “ங்க” போட்டால் போதும் என்று நினைப்பார்கள். ஆச்சிக்கு இழுவை எங்கே வரும், எங்கே வராது என்று தெரியும். அதிலும் அந்த எடுப்புப் பல்லைக் கட்டிக்கொண்டு! வாயில் அன்னியப் பொருளை வைத்துக்கொண்டு வசனம் பேசுவது எவ்வளவு சிரமம் என்று பல் செட் மாட்டியவர்களைக் கேளுங்கள். பல்லைப் பார்த்து முதல் இரண்டு நிமிடம் சிரிப்போம், அப்புறம் பல் கண்ணுக்கே தெரியாது. தாய்தான் தெரிவாள்.

‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷோடு தூத்துக்குடித் தமிழ். ‘பொம்மலாட்டம்’ படத்தில் சோவோடு மெட்ராஸ் பாஷை, “வா வாத்யாரே ஊட்டாண்ட” பாட்டையும் சொந்தக் குரலில் பாடினார். வளர்ந்த ஊர் செட்டிநாடு என்பதால் அந்தப் பேச்சு கேட்கவே வேண்டாம், ஆச்சி என்கிற பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஒரே தொண்டையில் இத்தனை ஊர் குடியிருந்தது. இன்றைக்கு ஒரு நடிகை ஒரே ஒரு வட்டார வழக்கை உருப்படியாகப் பேசினால் அதற்கு மூன்று பேட்டி கொடுக்கிறார்கள்.


டிவிபொட்டி எழுதியது:

கோவைக்காரி அக்கா சொன்னதும் ஞாபகம் வந்தது. ‘மே மாதம்’ படத்தில் “மெட்ராஸ சுத்திப் பார்க்கப் போறேன்” பாட்டில் ஆச்சியும் பாடியிருப்பார், ரஹ்மான் இசை, 1994. 1968-ல் வி.குமார் இசையில் மெட்ராஸ் பாஷை பாடியவர், 26 வருடம் கழித்து ரஹ்மான் இசையில் அதே ஊரைப் பாடுகிறார். இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைத்திருக்கிறது?


வாட்ஸப்மாமா எழுதியது:

அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என ஐந்து முதல்வர்களுடன் ஹீரோயினாக நடித்த ஒரே நடிகை!!! 1500 படம்!!! ஷேர் செய்யுங்கள்!!!


கடைசிவரிசை எழுதியது:

மாமா வணக்கம். ஐந்து முதல்வர்கள் என்பது உண்மை. ஆனால் அண்ணாவோடும் கலைஞரோடும் நடித்தது மேடை நாடகத்தில். மற்ற மூவரோடு சினிமாவில். ஐந்து பேருக்கும் ஹீரோயின் என்றால், ஜெயலலிதாவுக்கு எப்படி ஹீரோயினாக முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அவர் கதாநாயகியாக நடித்த படமும் இருக்கிறது. 1963-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’. ஜோடி ஆர்.எஸ்.மனோகர். ஃபார்வர்டுகளில் இதை யாரும் போடுவதில்லை. படம் எண்ணிக்கையும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது, இறந்த பிறகும் நடித்துக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. ஆயிரத்துக்கு மேல் என்று நிறுத்திக்கொள்ளுங்கள், அதுவே போதும்.


வாட்ஸப்மாமா எழுதியது:

🙏🙏 வந்ததை அனுப்பினேன்.


கறார் எழுதியது:

ஐந்து முதல்வர்கள் பேச்சு வந்ததால் அரசியலையும் தொட்டுவிடலாம். 1996 தேர்தலில் அதிமுகவுக்காகப் பிரசாரம் செய்தார். மேடையில் ரஜினியைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். ரஜினி அலை வீசிக்கொண்டிருந்த நேரம். கட்சி தோற்றது, இவருக்குப் படங்கள் குறைந்தன. அடுத்த வருடமே ‘அருணாசலம்’ படத்தில் அவரை நடிக்க வைத்தது ரஜினிதான்.

பார்த்தீர்களா, விசிறிகள் பதிவில் ரஜினியின் பெருந்தன்மை மட்டும் வரும். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. ஊரே ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கம் ஏறி மைக் பிடிக்க ஒரு தைரியம் வேண்டும். பேசியது சரியா தப்பா என்பது வேறு விஷயம். தொழில் முழுக்க கதாநாயகர்களைச் சார்ந்து இருந்த ஒரு குணச்சித்திர நடிகை அதைச் செய்தார்.


சுருளி எழுதியது:

இவ்வளவு பேசிவிட்டு கோவை சரளாவை விட்டுவிட்டீர்களே? இன்றைய மீம் கணக்குக்கு சரளா அக்காதான் முன்னால். ‘சதி லீலாவதி’யில் கமலுக்கே ஜோடி. வடிவேலுவை அடித்துத் துவைத்த காட்சிகளை எடுத்துவிட்டால் தமிழ் மீம் பக்கங்கள் பாதி காலி.


கோவைக்காரி எழுதியது:

சுருளி, எனக்கு சரளா உறவு முறை மாதிரி, எங்கள் ஊர்ப் பெயரையே சுமந்து திரிகிறவர். ஆனால் போட்டியாக வைக்காதீர்கள். வரிசையாகப் பாருங்கள். டி.ஏ.மதுரம் என்றால் என்.எஸ்.கே., எம்.சரோஜா என்றால் தங்கவேலு. அந்தக் காலத்தில் நகைச்சுவை நடிகைக்குப் பெரும்பாலும் கூடவே ஒரு புருஷன், ஒரு ஜோடி. ஆச்சிக்கு அப்படி யாருமில்லை. கல்யாணம் நிலைக்கவில்லை, கையில் ஒரு பிள்ளை. திரையிலும் ஒருவரோடு நின்றுவிடவில்லை. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஆண்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், இவர் அங்கேயே நின்றார். ஒரு பெண் தனியாளாக நகைச்சுவையில் கடை நடத்தலாம் என்று காட்டியது அவர். சரளா வந்தது அந்தக் கதவு வழியாகத்தான்.

கதாநாயகி ஆசையோடு வந்தவரை நகைச்சுவைக்குத் திருப்பியது கண்ணதாசன். கதாநாயகி என்றால் மூன்று நான்கு வருடம், நகைச்சுவை என்றால் ரொம்ப நாள் நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக ஆச்சியே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கவிஞர் வாக்கு பலித்தது.


கம்முனுகெட எழுதியது:

‘நடிகன்’ பற்றி எனக்கு ஒரு நெருடல் உண்டு, இங்கேயே கேட்டுவிடுகிறேன். சிரிப்பெல்லாம் எதை வைத்து? கல்யாணமே ஆகாத, வயதான ஒரு பெண்மணிக்கு, கிழவர் வேடம் போட்டு வந்த சத்யராஜ் மேல் ஆசை வருகிறது. அதுதான் காமெடி. இன்றைக்கு அதே காட்சியை மீம் போட்டு “முத்தின கேஸ்” என்று எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.


பழையரீல் எழுதியது:

எழுதியது கேலியாகத்தான் எழுதப்பட்டிருக்கும், அதில் வாதமில்லை. ஆனால் ஆச்சி நடித்ததைக் கவனியுங்கள். வெட்கம் வரும்போது பதினாறு வயதுப் பெண்ணின் வெட்கம் அப்படியே வரும், கோணங்கித்தனம் இருக்காது. பேபியம்மாவுக்குத் தன் ஆசை கேலிக்குரியது என்று ஒரு கணம்கூடத் தோன்றாது. கண்ணாடி பார்த்து அலங்கரித்துக்கொள்வதையெல்லாம் முழு நம்பிக்கையோடு செய்வார். சிரிப்பது நாம். நடிகை அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.


கம்முனுகெட எழுதியது:

ம்ம். அதுவும் சரிதான். ஆனால் மீம் போடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நெருடல் அப்படியே இருக்கிறது.


2கேகுட்டி எழுதியது:

ஓகே, கறுப்பு வெள்ளை காலத்து ஆச்சியை எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? ரெண்டரை மணி நேரப் படம் முழுசா உட்கார்ந்து பார்க்கிற பொறுமை எனக்கு இல்ல, உண்மையைச் சொல்றேன் 😅


கடைசிவரிசை எழுதியது:

தம்பி, கறுப்பு வெள்ளைக்கு முன்னால் ஒரு கலர் படம். ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968. அதில் ஜில் ஜில் ரமாமணி வருகிற இடங்களை மட்டும் பார். சிவாஜி நாதஸ்வர வித்வான், மூக்கு நுனியில் கோபம் வைத்திருக்கிறவர். அவர் எதிரில் இந்தப் பெண் வந்து நின்று, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் இப்படித்தான் வருமா என்று கேட்கிறாள். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிஜமாகவே காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பைக் கவனி. சங்கீதம் தெரியாத வெள்ளந்தியின் ஆச்சரியம் அது, நக்கலின் சாயல் துளிகூட இருக்காது. கொஞ்சம் நக்கல் கலந்திருந்தால் காட்சியே கெட்டுப்போயிருக்கும், சிவாஜிக்கும் அவள் மேல் அன்பு வந்திருக்காது. அவரே அடக்கி வாசித்து ஆச்சிக்கு வழிவிட்டிருப்பார்.

அது பிடித்தால் ‘அனுபவி ராஜா அனுபவி’, 1967, கே.பாலசந்தர். “முத்துக்குளிக்க வாரீகளா” பாட்டை முதலில் யூடியூபில் பார்த்துவிட்டு அப்புறம் படத்துக்குப் போ.

கடைசியாக ஒரு காரியம் செய். 2006-ல் வந்த ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யை நீ பலமுறை பார்த்திருப்பாய். அதில் வடிவேலுவுக்கு அப்பா அம்மாவாக வருகிற ராஜாவும் ராணியும் யார் தெரியுமா? நாகேஷும் மனோரமாவும். தூத்துக்குடித் தமிழில் ஆட்டம் போட்ட அதே ஜோடி. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்.


2கேகுட்டி எழுதியது:

என்னது, அந்த ராணி ஆச்சியா!! அந்தப் படத்தை மனப்பாடமாத் தெரியும், இதைக் கவனிச்சதே இல்ல. இன்னிக்கு நைட்டே முத்துக்குளிக்க.


சுருளி எழுதியது:

தெலுங்கு ‘அருந்ததி’யில் அந்த வயதான வேலைக்காரியும் அவர்தான் தம்பி, போனால் போகிறது அதையும் சேர்த்துக்கொள். இந்திக்குப் போனால் மெஹ்மூதின் ‘குன்வாரா பாப்’.


கறார் எழுதியது:

ஒரு யோசனை. துண்டுக் காட்சி வெட்டத் தெரிந்தவர்கள் இங்கேயே நாலு பேர் இருக்கிறீர்கள். அடுத்த மே 26-க்கு கண்ணம்மாவுக்கு ஒரு நாள் லீவு கொடுத்துவிட்டு, 1986-க்கு முந்தையதை மட்டும் போட்டால் என்ன? ஒப்பாரி இல்லாததாகப் பார்த்து எடுங்கள், நானே முதலில் ஷேர் செய்கிறேன்.


கம்முனுகெட எழுதியது:

கண்ணம்மாவுக்கு லீவா? அதுக்கு நான் என்ன பதில் சொல்வேன்னு உங்களுக்கே தெரியும்.

சரி, ஜில் ஜில் என் பொறுப்பு. நாகேஷ் ஜோடி யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?